இரைச்சலை விழுங்கின பவர் கார்டு

மூணாவது கார்டைச் சொருகினதும் ஸ்பீக்கர்ல இரைச்சல் சுத்தமா நின்னு போச்சு. எனக்குச் சந்தேகம் தட்டினது அப்பதான். ஆடியோ சர்வீஸ் வேலைக்குப் புதுசா வர்றவங்க இதை ஒருதரம் படிச்சு வச்சுக்கங்க.

குன்னூர்ல ரொம்ப வருஷமா சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கட்டபெட்டுப் பக்கம் சபாபதி சார்னு ஒரு பழைய கஸ்டமர். டீ ஃபேக்டரியில எலக்ட்ரிகல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஊட்ல அவரும் சம்சாரம் கோமதியம்மாவும் மட்டும்தான். சாருக்கு அவரோட பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயர்னா உசுரு. அதுல ஓயாம 'கும்'முனு ஒரு இரைச்சல். நல்ல பவர் கார்டு போட்டா போயிரும்னு யாரோ சொல்லப் போக, மனுசன் மூணு கார்டு வரவழைச்சுட்டார். ரெண்டு புதுசு, ஒண்ணு செகண்ட் ஹேண்ட். ஒவ்வொண்ணும் கட்டைவிரல் மொத்தம். செகண்ட் ஹேண்ட் கார்டுக்கு மட்டும் பின்னல் உறை, தங்கமுலாம் போட்ட பிளக்குன்னு ஏக அலங்காரம்.

இந்த ஜாதிக் கார்டை வாங்கின உடனே கேட்டுப் பார்க்க மாட்டாங்க. கொஞ்ச நாள் கரண்ட் ஓடவிட்டுப் பழக்குவாங்க, பர்ன்-இன்னு பேரு. சாரும் ஒவ்வொண்ணையும் அந்த ஆம்ப்ளிஃபயர்லயே ஒரு வாரம் ஓட்டினார். செகண்ட் ஹேண்ட் கடைசி வாரம். அதுல இரைச்சல் கேட்கலைன்னு தோணவும், மனப்பிரமையான்னு பார்க்க என்னைக் கூப்பிட்டார். நான் மாத்தி மாத்திச் சொருகணும், அவர் கண்ணை மூடிட்டுக் கேட்பார். எது எந்தக் கார்டுன்னு மூச்சு விடக் கூடாது.

முதல் ரெண்டுக்கும் உதட்டைப் பிதுக்கினார். மூணாவதா அந்த செகண்ட் ஹேண்டைப் போட்டேன்.

"மணி, இதுதாம்ப்பா. ஒரு பொட்டு இரைச்சல் இருக்குதா பாரு. பழகப் பழகத்தான் தெரியுது. மத்த ரெண்டையும் மூட்டை கட்டிரு."

அவர் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ அந்தச் சந்தோஷத்துல சேர முடியல. எவ்வளவு ஒசந்த கார்டா இருந்தாலும் அந்த இரைச்சலை ஒரே அடியில நிறுத்தாது. ஆனா இந்த மாதிரி 'கும்' பல தடவை எர்த் ஒயர் வழியாத்தான் வரும், அந்த ஒயர் இல்லைன்னா நின்னுரும். அப்படி இருந்தா, ஆம்ப்போட இரும்புப் பாடியில கரண்ட் கசிஞ்சா அது போறதுக்கு வேற வழியே கிடையாது. தொடுற ஆள் உடம்பு வழியாத்தான் இறங்கும்.

சார்கிட்ட இதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நான் முழிச்சிட்டு நிக்கறப்ப, கோமதியம்மா காப்பியை வச்சுட்டு, கையில இருந்த துணியோட ஆம்ப் பக்கமாப் போனாங்க. ஈரத்துணி. காலும் வெறுங்கால்.

"அம்மா, தொடாதீங்க."

"ஏனுங்க தம்பி, எனக்குப் பழகிப் போச்சு. இந்த வாரம் பூரா தொடுறப்பெல்லாம் கடிச்சுட்டேதான் இருக்குது."

சார் கண்ணைத் திறக்காமலே சிரிச்சார். "பனிக்காலத்துல ஸ்வெட்டரே கடிக்குது. இவளுக்கு இதொரு கதை."

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. பனி விழுற மாசத்துல இங்க ஸ்வெட்டரைக் கழட்டினாலே படபடன்னு பொரியும், காரு கதவைத் தொட்டா விரல் சுண்டும். இதெல்லாம் இந்த மலையில யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. ஆனா ஸ்வெட்டர் ஒருதரம் கடிச்சா விட்டுரும்.

"எப்படிக் கடிக்குதும்மா? பட்டுனு ஒருதரமா?"

"இல்லீங்க. கையை எடுக்கிற வரைக்கும் சுர்ருனு இழுக்குது. துணி ஈரமா இருந்தா முழங்கை வரைக்கும் ஏறுது."

"சார், ஆஃப் பண்ணிருங்க."

"இந்தப் பாட்டு முடியட்டும் மணி."

நான் கேட்டுட்டு நிக்கல. சுவத்து சுவிட்சை அமத்திட்டேன். சாருக்குச் சுருக்குனு கோபம் வந்துருச்சு. "என்னப்பா, கொஞ்சம் கூட மரியாதை இல்லாம"ன்னார். கார்டை உருவி, ஒயர் அறுபடாம இருந்தா பீப் அடிக்கிற மீட்டரை வச்சேன். மத்த ரெண்டுலயும் எர்த் பின்னுக்குப் பீப் வந்துச்சு, இதுல வரல. பிளக்கைக் கழட்டினா, இரைச்சல் போகட்டும்னு எவனோ எர்த் ஒயரை வெட்டி, மேல டேப் சுத்தி வச்சிருக்கான்.

மறுபடி மூடிச் சொருகி, கோமதியம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, சுவத்து எர்த்துக்கும் ஆம்ப் பாடிக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப்பைப் பிடிச்சேன். பல்பு செக்கச்செவேல்னு மங்கலா எரிஞ்சுது. மழைக்காலத்துல ஈரம் ஏறினதுல, ஆம்ப்புக்குள்ள இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் கசியுது. முதல் ரெண்டு கார்டும் அந்தக் கசிவை எர்த்துக்கு இறக்கி விட்டுட்டு இருந்திருக்கு. சார் எந்நேரமும் கம்பளிக் காலுறை, ரப்பர் செருப்பு. தொடுறதும் பிளாஸ்டிக் வால்யூம் திருகு மட்டும்தான். அவருக்கு எப்படித் தெரியும்?

பல்பைப் பார்த்ததும் சாருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கல. ஃபேக்டரியில எர்த் போன மோட்டார் என்ன செய்யும்னு பார்த்த மனுசன். நான் லேம்ப்பை எடுக்கறதுக்குள்ள எந்திரிச்சு வந்து அவரே சுவிட்சை அமத்தினார்.

"ஏன் கோமதி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேனுங்க. நீங்க பாட்டுல இருந்தீங்க. கையைக் காட்டி, இருன்னீங்க. நானும் இருந்தேன்."

அவங்க கோபமாச் சொல்லல, அதான் எனக்கே தாங்கல. சார் அந்தம்மா கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டார்.

அன்னையிலிருந்து எந்த ஊட்டுக்குப் போனாலும், செட்டைத் துடைக்கிறது யாருன்னுதான் முதல்ல கேட்பேன். அவங்ககிட்ட விசாரிச்சுட்டுத்தான் பாட்டு கேட்கிறவர்கிட்ட வருவேன். நீங்களும் அப்படியே பழகிக்கங்க. எர்த் வெட்டின கார்டு எவ்வளவு நல்லாப் பாடினாலும் ஓடவிட்டுட்டு வராதீங்க.

சார் ஆம்ப்புக்கு ட்ரான்ஸ்ஃபார்மரை மாத்திக் கொடுத்தேன். ஊட்டு மெயின்ல கசிவைக் கண்டா கட் ஆகுற ஸ்விட்சும் போட்டாச்சு. அதுக்கப்புறம் ஒருக்கா போயிருந்தேன். கோமதியம்மா துணியை எடுத்துட்டு வந்ததும் சார் பாட்டை நிறுத்தினார். காலுறையைக் கழட்டிப் போட்டுட்டு, வெறுங்காலோட போய் ஆம்ப் மேல புறங்கையை வச்சுப் பார்த்தார். அதுக்கப்புறம்தான் அந்தம்மாவைத் துடைக்க விட்டார்.