தம்பி பந்தை உதைத்த நாள்

பிள்ளைகளா, இடைசெவல் மாமா வீட்டுக்கு நாம் ஏன் போவதில்லை என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள், அவள் அழுவாள். நானே எழுதிவிடுகிறேன்.

தம்பிக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. மாமா மகனுக்கும் அதே வயதுதான். பங்குனி வெயிலில் மாமா வீட்டு முற்றத்தில் இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, நாம் கொண்டுபோன பந்தை நடுவில் போட்டார்கள். மாமா மகன் ஒரு காலை ஊன்றி மறு காலால் ஒரு விடு விட்டான். பந்து தொழுவம் வரைக்கும் ஓடியது. நம் தம்பி, புது ஷூ கீச் கீச்சென்று கத்த, பந்தைப் பார்த்து நடந்தான், அதில் முட்டினான், விழுந்தான். மூன்று தடவையும் அப்படியே.

சின்னப் பிள்ளைகள் முதலில் நடந்துபோய்ப் பந்தில் முட்டத்தான் செய்யும். ஒற்றைக் காலில் ஒரு நொடி நிற்கத் தைரியம் வந்த பிறகுதான் மற்றக் கால் வீசும். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது, ஆனால் அவருக்கு வாய் இருந்தது.

“மாப்ள, இவன் பந்தை ஒதைக்கானா, பந்து இவனை ஒதைக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

“கால்ல ஏதோ கோளாறு போல இருக்கே. ஆஸ்பத்திரில காட்டுனீரா?”

அம்மா முகம் செத்துப்போனது. தம்பி நடக்கவே பிந்தியவன். எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் இரண்டு காலையும் சேர்த்துவைத்து நீளம் பார்ப்பாள் அவள்.

கோபம் மாமா மேல், காட்டியது தம்பியிடம். தோளைப் பிடித்து நிறுத்தி, “ஒதைலே! ஒதைங்கேன்லா!” என்று கத்தினேன். அவன் வீறிட்டான்.

“பிள்ளைய வெரட்டுனா கால் நேராயிருமா மாப்ள?”

“ஒம்ம பிள்ளைய நீரு பாரும். இனிமே இந்த வாசல்ல என் கால் படாது.”

“படாட்டி போவுது. அந்தா, பஸ்ஸு வந்துரும், கெளம்பும்.”

நமக்கென்று மாமா வாங்கிவைத்திருந்த கடம்பூர் போளிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

பஸ் நிறுத்தத்தில் தம்பியின் ஒரு ஷூ தானாகக் கழன்று விழுந்தது. பாப்பா, மற்றதைக் கழற்றியது நீதான். “இது இவன் காலவிடப் பெருசா இருக்குப்பா” என்று என் கையில் கொடுத்துவிட்டு, பந்தை அவன் முன்னால் வைத்தாய். தம்பி நின்றான். ஒற்றைக் காலில் ஆடினான். உதைத்தான். பந்து ரோட்டைவிட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் போனது.

“இத அங்கன ஒதைச்சிருக்கக் கூடாதாலே?” என்று அவனைத் தூக்கிக்கொண்டு அம்மா அழுதாள்.

ஷூவை வாங்கியவன் நான். வளருகிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று கோவில்பட்டி பஜாரில் இரண்டு அளவு பெரிதாக எடுத்து, நுனியில் பஞ்சை அடைத்து மாட்டிவிட்டேன். அம்மாவுக்கு அது தெரியாது. இதைச் சொல்வதால் மாமாவை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பெற்றவள் முன்னால் அவர் சொன்ன சொல் சொன்னதுதான்.

பந்தை எடுக்க நான் மட்டும் காட்டுக்குள் இறங்கினேன். ஷூ இரண்டும் கையில் இருந்தன. ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பஞ்சை விரலால் தோண்டி எடுத்துக் கரிசல் வெடிப்புக்குள் போட்டு, மேலே ஒரு மண்கட்டியை வைத்து மிதித்தேன்.