ஒரு தரம்தான் கேட்பார்கள்

அதிகம் பேசிக் கெட்டவர்களை எல்லோருக்கும் தெரியும். நான் "இல்லை", "பரவாயில்லை" என்ற இரண்டு சொற்களால் கெட்டுப்போகப் பார்த்தவன். அந்த இரண்டு சொற்களும் என் மனைவியையும் பிள்ளையையும் கொழும்பிலேயே நிறுத்திவைத்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டிடத்தில், இரண்டு அறைக்குள் ஆறு பேராக இருந்தோம். அகதிக் கோரிக்கை கொடுத்து இரண்டு வருடமாகியும் விசாரணைக்கு நாள் வரவில்லை. நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்களை நிறுத்தினார்கள். வேலை பிடித்துக் கொடுக்கும் தமிழர் ஒருவர், "மாட்டுப் பண்ணையிலை ஒரு வேலை இருக்கு, தங்க இடமும் தருவினம், போறீரோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது சரி என்றேன். தமிழன் தமிழனிடம் கேட்டால் அப்படித்தான்.

பண்ணை, ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே இரண்டரை மணி நேர ஓட்டம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மைல் வெளி. இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகள் எழுபதுக்கு மேல். பண்ணைக்காரரும் மனைவியும் முன் வீட்டில் இருந்தார்கள். எனக்குப் பின்னால் ஓர் அறையும் விறகு அடுப்பும். ஊரில், தீவுப்பகுதியில் மீன்வலை இழுத்த எனக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்? பழகிக்கொண்டேன். பழகாதது தனிமைதான். மாதம் ஒரு முறை, கொழும்பில் தங்கியிருந்த லொட்ஜிலிருந்து மனைவி ரெலிபோன் எடுப்பாள். எட்டு மாதக் குழந்தையாக நான் விட்டு வந்த மகளின் வாயருகே ரெலிபோனைப் பிடித்து, "அப்பாவோடை கதையுங்கோ" என்பாள். மகள் கதைக்கமாட்டாள். மூச்சு மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அந்தத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் ஞாயிறு மாலை முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு சட்டி; துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பிக்கப்பில் போவதை என் ஜன்னலால் பார்ப்பேன். நான் வந்த புதிதில், நவம்பரில், அடுத்த பண்ணைக் கிழவி வேலியருகே வண்டியை நிறுத்தி, ஞாயிறு தன் வீட்டில் சாப்பாடு, வருகிறேனா என்று கேட்டாள். எழுபது வயது இருக்கும், குரல் ஆண்பிள்ளைக் குரல். "இல்லை, பரவாயில்லை, நன்றி" என்றேன். எங்கள் ஊரில் யாரும் முதல் தரம் கேட்டதும் போய் உட்காருவானா? அவள் இன்னொரு தரம் கேட்பாள், நான் தயங்குவேன், மூன்றாம் தரம் "சரி, உங்கடை விருப்பம்" என்பேன். அவளோ "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போயே போய்விட்டாள். குளிர்காலம் முழுக்க ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிறு மாலைகளில் ரின் மீனும் சோறும் தின்றுகொண்டு, கறுப்பனோடு ஒரு மேசையில் இருக்க விருப்பமில்லாத சாதி என்று மனதுக்குள் அவர்களைத் திட்டித் தீர்த்தேன்.

என் காயிதங்கள் இன்னும் டோர்செட் பார்க் விலாசத்துக்குத்தான் வந்தன. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே என்னோடு இருந்த நண்பன் ரெலிபோன் எடுத்தான். குரலே சரியில்லை.

"மச்சான், உன்ரை அகதிக் கேஸுக்கு ஹியரிங். திங்கக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு."

"எப்ப காயிதம் வந்தது?"

"மூண்டு கிழமையாச்சு. பீட்சா விளம்பரங்களுக்கை கிடந்திருக்கடா. இண்டைக்குத்தான் கண்டன். லோயரின்ரை ஒபிசுக்கு அடிச்சுக் கேட்டன். நீ நேரை வந்து நிக்கவேணுமாம். வராட்டி கேஸைக் கைவிட்டதெண்டு மூடிப்போடுவினமாம்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். திட்டி என்ன வரப்போகிறது? கேஸை மூடினால் எனக்கு அகதி அந்தஸ்து இல்லை. எனக்கு இல்லாவிட்டால் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட வழியில்லை. லொட்ஜில் பொலிஸ் சோதனைக்கு வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவள், இன்னும் எத்தனை வருடம் நிற்பாள்?

கேடுகாலம், பண்ணைக்காரருக்கு முதல் நாள்தான் நெஞ்சுவலி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மனைவியும் கூடவே போய்விட்டாள். கன்று போடுகிற காலம், பண்ணையில் நானும் மாடுகளும்தான். எனக்கு வள்ளம் ஓட்டத் தெரியும். கார் ஓட்டத் தெரியாது. பதினைந்து மைல் தள்ளி இருக்கிற ஊரிலிருந்து ஞாயிறு நாலு மணிக்கு ரொறன்ரோ பஸ். அங்கே ராக்சி வைத்திருக்கிற ஒருவரை ரெலிபோனில் பிடித்தேன். ஞாயிறு மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார். இரண்டு நாளுக்கு வைக்கோலும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவோம், பண்ணைக்காரர் பேசினால் பேசட்டும் என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. மேற்சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்தேன். பனி உருகி முற்றமெல்லாம் முழங்கால் சேறு. ஓடையில் தண்ணீர் இரைந்து ஓடியது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்றே நம்பினேன், என்னுடைய புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஞாயிறு விடிய மூடுபனி. பத்து மணிக்கு மழை. மத்தியானம் காற்று வடக்கே திரும்பியது; விழுகிற மழை விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியானது. வேலிக்கம்பி, மரக்கொப்பு, மாட்டின் முதுகு, எல்லாம் கண்ணாடி. இரண்டு மணியளவில் ஒரு பசு வெளிச் சேற்றில் கன்று போட்டது. ஈரக் கன்று நடுங்கிக்கொண்டு கிடந்தது. அதைச் சாக்கில் சுற்றி இழுத்து வந்து, என் அறையில் அடுப்படியில் போட்டுத் தேய்த்து, தாயிடம் பீய்ச்சிய சீம்பாலைப் போத்தலில் பருக்கினேன். கை கன்றைத் தேய்க்க, கண் மணிக்கூட்டில் நின்றது. மூன்று மணி. மூன்றரை. ராக்சியைக் காணவில்லை. ரெலிபோனை எடுத்தால் செத்துக் கிடந்தது. கம்பி எங்கோ அறுந்துவிட்டது. நாலு மணி. பஸ் போயிருக்கும்.

நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மாதாவே, இதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று கன்றுக்குப் பக்கத்தில் இருந்து சத்தம் போட்டுக் கேட்டேன். அது என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஐந்து மணிக்குப் பிறகு, தெருவில் ஒரு பிக்கப் ஊர்ந்து போவது தெரிந்தது. இந்த நாளிலும் சாப்பிடப் போகிறார்கள். அன்று முறை கிழவி வீட்டுக்கு. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். தெருவில் நடக்க முடியவில்லை. பக்கத்துப் புல்லில் பனிக்கட்டியை உடைத்து உடைத்து ஒரு மைல். நாலு தரம் விழுந்தேன். போனவுடன் என்ன சொல்லவேண்டும் என்று வழி நெடுகப் பாடமாக்கினேன்.

கதவைத் திறந்தது கிழவிதான். உள்ளே வெளிச்சமும் இறைச்சி மணமும். மேசையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு இப்போது அது எங்கள் பேச்சாகவே நினைவில் இருக்கிறது.

"நல்லா நனைஞ்சுபோனீர். சாப்பிடுறீரோ?" என்றாள்.

"இல்லை, இப்பதான் சாப்பிட்டனான்" என்றேன்.

காலையிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. அவள் எடுத்த கோப்பையைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். ஒருவருடைய வீட்டுக்குள் கால் வைத்த உடனே உதவி கேட்கிறதா என்று, மாடுகளைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் நின்றபடி பதில் சொன்னேன். கிழவியின் மகன், நாற்பது வயதுக்காரர், "தனியாச் சமாளிக்கிறீர். ஏதும் உதவி வேணுமோ?" என்று நேராகவே கேட்டார்.

"இல்லை, பரவாயில்லை."

சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தரம் கேள், இன்னும் ஒரேயொரு தரம் கேள். அவர் தலையாட்டிவிட்டு உருளைக்கிழங்கை எடுத்தார்.

"போட்டு வாறன்" என்று சொல்லி வெளியே வந்தேன். கதவு மூடியது. அவர்களுடைய பிக்கப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். முப்பது வயது ஆண்பிள்ளை, மூக்கால் வழிய வழிய அழுதேன். பனி மழை தலையில் கொட்டியது. லொட்ஜ் அறையில் அவள் ரெலிபோனைப் பிள்ளையின் வாயில் பிடிப்பது கண்ணுக்குள் வந்தது. என் மானமும் மரியாதையும் நாசமாய்ப் போகட்டும் என்று திரும்பிப் போய், தட்டாமலே கதவைத் திறந்தேன்.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு நான் ரொறன்ரோவிலை நிக்கவேணும். என்ரை அகதி வழக்கு. போகாட்டி என்ரை மனிசியும் பிள்ளையும் வரேலாது. பஸ் போட்டுது. ஆராவது என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. எனக்குப் பசிக்குது."

கடைசிச் சொல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. கிழவி எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்ப ஏன் இப்ப இல்லையெண்டு சொன்னனீர்?"

"எங்கடை ஊரிலை மூண்டு தரம் கேக்கவேணும். முதல் இரண்டு தரமும் இல்லையெண்டுதான் சொல்லுவம்."

அவள் எனக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவைச் சாத்தினாள். "நான் நவம்பரிலை கேட்டனான். வேண்டாமெண்டனீர். நீங்கள் மாட்டிறைச்சி தின்னாத ஆக்கள், நாங்கள் கூப்பிட்டது உமக்கு மனம் நொந்துபோச்சு எண்டு நினைச்சம். அதாலை இந்த ரோட்டிலை ஒருத்தரும் உம்மைக் கூப்பிடக்கூடாதெண்டு நான்தான் சொல்லிவைச்சனான்."

"நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன்" என்றேன். "மாட்டிறைச்சி எண்டால் எனக்கு உயிர்."

மகன் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்; சிரித்தாரா என்ன செய்தார் என்று தெரியவில்லை. கிழவி சிரிக்கவில்லை. கோப்பையை மறுபடி எடுத்து, குழம்பை நிரப்பி, கதிரையைக் காலால் இழுத்து விட்டாள். இப்போது வண்டி எடுத்தால் இரண்டு பேரும் ஓடைக்குள்தான் போவோம், விடியத் தெருவுக்கு மண் தூவியதும் தானே கொண்டுபோவதாகச் சொன்னாள். மாடுகளைப் பார்க்க மகன் அப்போதே எழுந்து போனார். நான் தின்றேன். என்னைத் தவிர எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

விடியற்காலை புறப்பட்டோம். முறிந்து கிடந்த மரங்களால் இரண்டு இடத்தில் திரும்பி வேறு பாதை எடுத்தோம். நெடுஞ்சாலை 401-ஐப் பிடிக்கவே எட்டு மணி. அஜக்ஸ் கிட்ட ஒரு லொறி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது, வாகனங்கள் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வெயில் எறித்தது. பக்கத்துக் காரில் ஒருவன் அரைக்கைச் சட்டையோடு ஜன்னலைத் திறந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வெயிலில் போய் நின்று, பனிமழையால் பிந்திவிட்டேன் என்றால் எவன் நம்புவான்? ஒன்பது மணி அங்கேயே ஆனது. ஒன்பதரையும் ஆனது. கிழவி ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

பத்தேகாலுக்கு அந்த அலுவலகத்துக்குள் ஓடினேன். சப்பாத்தில் சாணம், கையில் கன்றின் மணம். கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைத் தேடிப் பார்த்தாள்.

"உங்களை ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் கூப்பிட்டாச்சு" என்றாள். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தாள். "இண்டைக்கே எடுக்கேலுமோ எண்டு நான் உள்ளுக்குப் போய்க் கேக்கவோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், "இல்லை, உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதை ஆங்கிலத்தில்கூடச் சொல்லவில்லை. கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவு சத்தமாக, "ஓம், ஓம், கேளுங்கோ" என்றேன்.

அவளுக்கு மொழி விளங்கியிருக்காது. ஆனால் எழுந்து உள்ளே போனாள். அவள் வரும்வரை நான் கதிரையில் உட்காரவில்லை. பின் கதிரையில் கிழவி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி இருந்தாள். பின்னேரம் இரண்டு மணிக்கு வழக்கை எடுப்பார்களாம் என்று கவுண்டர்ப் பெண் வந்து சொன்னாள். எடுத்தார்கள். சில கிழமைகளில் ஓம் என்று கடிதம் வந்தது.

அடுப்படிக் கன்று பிழைத்தது. நான் இல்லாத அந்தத் திங்கட்கிழமை வேறொன்று சேற்றில் செத்துப்போனது. பண்ணைக்காரர் சுகமாகி வந்து அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் முதல் ஆளாகப் போய் இருப்பேன், மீன் குழம்போடு.

மனைவியும் மகளும் வந்து இறங்க இன்னும் ஒன்றேமுக்கால் வருடம் எடுத்தது. விமான நிலையத்தில் மனைவி என்னைக் கண்டதும் சாமான் வண்டிலை விட்டுவிட்டு நின்றாள். மகளுக்கு ஐந்து வயது நெருங்கியிருந்தது. தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். நான் முழங்காலில் நின்று கையை நீட்டினேன்.

"அப்பாட்டை வாறியளோ?"

மாட்டேன் என்று தலையாட்டினாள். இரண்டாம் தரம் கேட்டேன். தலையாட்டினாள். மூன்றாம் தரமும் தலையாட்டினாள்; ஆனால் அந்த மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது, ரெலிபோனில் கேட்ட அதே மூச்சு.

எங்கள் பிள்ளைதானே என்று நாலாம் தரமும் கேட்டேன்.