டெய்லரம்மா வீட்டு கோல்போஸ்ட்

திரைச்சீலை தைப்பதுதான் டெய்லரம்மாவுக்குத் தொழில். ஊரில் பாதி ஜன்னல்களுக்கு உடுப்பு மாட்டிவிட்டவர். கால்பந்து என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சனிக்கிழமை மத்தியானம் கணவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவார், சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டு வருவார். கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் இன்னும் டிரைவர் என்றுதான் பெயர்.

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு கிளப், அக்கரையில் ஒரு கிளப். டிரைவர் விவரம் தெரிந்த நாள் முதல் அக்கரைக் கட்சி. இக்கரைக் கிளப் கொஞ்சம் வசதி வந்ததும் ஊருக்கு வெளியே புது மைதானம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. பழைய ஸ்டேடியத்தின் முகப்புச் சுவரை மட்டும் விட்டுவைத்து, மற்றதையெல்லாம் இடித்து அடுக்குமாடி வீடுகள் எழுப்பினார்கள். டிக்கெட் கொடுத்த ஜன்னல்களில் இப்போது தபால் பெட்டிகள். டிரைவரின் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது என்று, அங்கே தரைத்தளத்தில் ஒரு வீட்டை டெய்லரம்மா பேசி முடித்தார்.

“போயும் போயும் எதிரி கூடாரத்துலயா என்னைக் குடிவெக்கப் போற?” என்று டிரைவர் குதித்தார்.

“இருக்கிற முழங்காலை வெச்சுக்கிட்டு குதிக்காதீங்க” என்றார் டெய்லரம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குடிவந்த புதிதில் ஒரு காலை. படுக்கையறையின் இரும்பு பீரோவை ஜன்னல் பக்கத்திலிருந்து எப்படி நகர்த்துவது என்று டெய்லரம்மா மலைத்து நின்றார். அழைப்பு மணி அடித்தது. வாசலில் டை கட்டிய ஒரு வங்கிக்காரர், கையில் அளவு டேப்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இறுதி ஆட்டத்துல, கடைசி நிமிஷத்துல, எங்க கீப்பர் அந்தப் பெனால்டியைத் தடுத்தாரே… அந்த இடம் உங்க வீட்டுக்குள்ள எங்கேயோதான் வருது. ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்.”

அந்தப் பெனால்டியை டெய்லரம்மா ஆயுசுக்கும் மறக்க முடியாது. அதற்குப் பிறகு டிரைவர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போட்டியில் தோற்றவர்கள் அக்கரைக்காரர்கள்.

டெய்லரம்மா வங்கிக்காரரைப் பார்த்தார். ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். திரும்பி பீரோவைப் பார்த்தார்.

“இதோ, இந்த பீரோவுக்கு அடியிலதான்னு சொல்றாங்க” என்றார் வாய் கூசாமல்.

டை தோளுக்குப் பின்னால் பறக்க, வங்கிக்காரர் பீரோவைத் தள்ளினார். வெறும் தரையைப் பார்த்துக் கண் கலங்கினார். பீரோவைத் திரும்ப பழைய இடத்துக்கே தள்ளப் போனவரை, “வேண்டாம் தம்பி, புனிதமான இடம், திறந்தே இருக்கட்டும்” என்று தடுத்துவிட்டார் டெய்லரம்மா.

செய்தி பரவியது. ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அந்தப் புனித இடமும் ஊர்ந்துகொண்டே இருந்தது. துணி மூட்டைகளுக்கு அடியில் ஒரு நாள், உடைந்த அலமாரிக்குப் பின்னால் இன்னொரு நாள். பிளம்பர் ஒருவர் வந்தபோது அது குளியலறையில், சரியாக ஒழுகும் குழாய்க்குக் கீழே இருந்தது. மனுஷர் குழாயை மாற்றிவிட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

டிரைவருக்குத்தான் பொறுக்கவில்லை. “என் பெட்ரூமுக்கே வந்து என்னைத் தோக்கடிச்சதை நினைச்சு அழறானுங்க. நீயும் அவனுங்க தலையில மிளகாய் அரைக்கிற.”

“குழாய் ஒழுகுதான்னு போய்ப் பாருங்க” என்றார் டெய்லரம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கிக்காரரும் பிளம்பரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

“பெட்ரூம்ல சார்!”

“இல்ல சார், பாத்ரூம்ல! நான் தொட்டே கும்பிட்டேன்.”

இருவரும் டெய்லரம்மா பக்கம் திரும்பினார்கள். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, “ஏன், கோல்போஸ்ட்டுக்கு ரெண்டு கம்பம் கிடையாதா?” என்றார்.

பிளம்பர் விரலை நீட்டி இரண்டு அறைக்கும் நடுவே அளந்து பார்த்தார். அவ்வளவு குறுகலான கோலில் யார் நின்றாலும் தடுத்துவிடலாமே என்று அவருக்கே தோன்றியது. “கீப்பரையே கூட்டிட்டு வரோம்” என்று இருவரும் விடைத்துக்கொண்டு போனார்கள்.

சொன்னபடியே மறு வாரம் கூட்டி வந்துவிட்டார்கள். கீப்பர் இப்போது சாவிக் கடை வைத்திருக்கிறார். கை மட்டும் இன்னும் முறம் போல இருந்தது, மற்றதெல்லாம் தொப்பை. கூட்டி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் நின்று, தொலைவில் தெரிந்த முகப்புச் சுவரையும் வெளியே முற்றத்தையும் மாறி மாறி நோக்கினார். அவர் முகம் போன போக்கை டெய்லரம்மா கவனித்தார்.

“இங்க இல்லீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

கீப்பர் வெளியே கை காட்டினார். அந்த இடத்தில் குடியிருப்பின் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன.

கீப்பர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அம்மா, என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே பெரிய காரியம் அது. அதைப் போய் குப்பையில போடணுமா? உங்க பீரோ நல்ல பீரோ. அந்த இடம் அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

அந்நேரம் பார்த்து டிரைவர் உள்ளே வந்தார். கீப்பரைக் கண்டதும் இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

“பந்தை உதைக்கிறதுக்கு முன்னாடியே நீங்க கோட்டை விட்டு வெளிய வந்துட்டீங்க. ரெஃபரி பாக்கல. நான் பார்த்தேன்!”

“நான் அசையவே இல்ல சார். கோடுதான் கொஞ்சம் பின்னால போயிருச்சு.”

“அப்போ மறுபடியும் நில்லுங்க!”

டெய்லரம்மா வெட்டுத் துணிகளைச் சுருட்டி, ஓரம் அடித்து, ஒரு பந்து தைத்துக் கொடுத்தார். பீரோ ஒரு கம்பம், கட்டில் கால் இன்னொரு கம்பம். டிரைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து உதைத்தார். பந்து சோம்பேறித்தனமாக உருண்டது. கீப்பர் இடது பக்கம் பாய்ந்தார், சரியாகச் சொன்னால் சரிந்தார். பந்து அவர் தொப்பையை உரசிக்கொண்டு உள்ளே போனது.

“கோல்!” டிரைவர் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற இருவரும் உள்ளே ஓடி வந்தார்கள். அவர்களுடைய தெய்வம் தரையில் குப்புறக் கிடந்தது.

“அன்னைக்கு எப்படிப் பாஞ்சார்னு செஞ்சு காட்டினார்” என்றார் டெய்லரம்மா சட்டென்று.

டிரைவர் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகும் அடங்காமல், “நான் கோல் போட்டேன்” என்றார். இருவரும் பெரிய மனதோடு சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை.

“இடம் இதேதான், சந்தேகமே இல்ல. முதல்ல என்னைத் தூக்கி விடுங்க” என்றார் கீப்பர் தரையிலிருந்தே.

அதன்பிறகு ஞாயிறுதோறும் கடையைப் பூட்டிவிட்டுக் கீப்பர் வந்துவிடுகிறார், பழி தீர்க்க. டிரைவர் காலையிலேயே முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு தயாராகிவிடுவார். கால்பந்தில் ஒரு மண்ணும் தெரியாத டெய்லரம்மா ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எதற்கு ஊத வேண்டும் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஊதினால் இரண்டு கிழவர்களும் உடனே சண்டையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், அது போதுமாக இருந்தது.