ஒன்று நாற்பதுக்கு நடந்த மந்திரவாதி

இட்டுக்கட்டிய கதையென்றால் இதைவிட நன்றாக முடித்திருப்பேன். நடந்தது இதுதான். அதுவும் பட்டப்பகலில். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்கு.

திங்கட்கிழமை ஒரு பெண்மணி பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "எங்க வீட்டுக்காரரு பொட்டி. உள்ள இருக்கிற போட்டோ மட்டும் வேணும். அவர்கிட்ட காட்டணும்."

ஆன் செய்ததும் ஒரு விளையாட்டு வந்து நின்றது. அரக்கர்களும் பாதாளக் குகைகளுமாக ஐந்து பாகம் வந்த பழைய சாகசத் தொடர். ஒரு பாகத்தை முடித்தால் அதே ஆட்களை அடுத்ததற்குக் கூட்டிப்போகலாம். யாரோ நான்கு பேரைப் பத்திரமாகக் கடைசிப் பாகம்வரை கொண்டுவந்திருந்தார்கள். வாள்வீரன், திருடன், வைத்தியன், மந்திரவாதி.

படங்கள் ஆமை வேகத்தில் நகலாயின. நான்கு நாளாவது ஆகும். அப்படியே ஓடவிட்டுப் பழுதுக்காரர் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தால் வாள்வீரன் செத்துக் கிடந்தான். கடைசியாக ஆட்டம் தொடங்கிய நேரம், மதியம் 1:40.

மறுநாள் அதே நேரம். திருடன்.

அந்நேரம் கடையில் இருப்பது அவருடைய மச்சான் ஒருவன்தான். கூட்டாளி. விளையாட்டுப் பைத்தியம் வேறு.

"நீதானேடா ஆடின?"

"தொடவே இல்ல மாமா. அக்கா மேல சத்தியம்."

"அவளை ஏன்டா இழுக்கற?"

புதன்கிழமை கீபோர்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனார். வந்து பார்த்தால் வைத்தியனும் போயிருந்தான். வேறு கீபோர்டைச் செருகியிருப்பான் பயல்... சந்தேகம் தீரவில்லை.

வியாழக்கிழமை மச்சானை வெளியே அனுப்பி, ஷட்டரை இறக்கி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

1:40.

பிப்.

மந்திரவாதி ஓரடி வைத்தான்.

பிப்... பிப்...

சுவரில் முட்டினான். திரும்பினான். மறுபடி முட்டினான். வழி தெரியாதவனைப் போல.

மடியில் இருந்த கீபோர்டின் வயரைத் தூக்கிப் பார்த்தார். எதிலும் செருகவில்லை.

2:05. நடை நின்றது.

திரையின் அடியில், பேசுவதற்கான கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக...

*யாராவது இருக்கீங்களா*

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

*வெளிய வரணும்*

பிளக்கைப் பிடுங்கினார்.

மணி 2:06.

ஒன்பது நாள் கழித்துத்தான் அந்தப் பெண்மணி வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. அதுவரை நகலாகியிருந்த படங்களை வாங்கிக்கொண்டார்.

"அவரு...?" என்றார் பழுதுக்காரர்.

"எட்டு மாசமா நினைவில்லாம படுக்கையில கெடந்தாருங்க. திடீர்னு அந்தத் திங்கக்கெழம மத்தியானம் விரல் அசைஞ்சுது. நாலு நாளும் அசைஞ்சுது. பொழச்சுக்குவாருன்னே டாக்டரும் சொன்னாரு."

அவர் கைப்பையை மூடினார்.

"வியாழக்கெழம ரெண்டு ஆறுக்கு விரல் நின்னுடுச்சு. ரெண்டு பத்துக்கு மூச்சும்..."