மணிக்கட்டில் இரண்டு விரல்

கம்பெனி பஸ் ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பும்போதெல்லாம், என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்காருகிறவள் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துக்கொள்வாள். மெலிந்த முகம், தூக்கம் போதாத பெரிய கண்கள். அசெம்ப்ளி லைனில் தரம் பார்க்கும் வேலை. படித்ததோ இதயச் செல்களைப் பற்றி.

"இன்னா பொண்ணே, தெனமும் எண்ணிக்கினு கீறே?"

"கம்பெனி கேட்டை நெனைச்சாலே நாடி எகிறுதுக்கா. பதற்றம் வந்தா அட்ரினலின்னு ஒரு ஹார்மோன் இதயச் செல்லுக்கு வெளியவே நின்னு கதவைத் தட்டும். உள்ள கைனேஸ்னு ஒரு புரோட்டீன் முழிச்சிக்கினு, மத்த புரோட்டீனுக்கெல்லாம் பாஸ்பேட்டை ஒட்டி, ஓடு ஓடுன்னு வெரட்டும்."

"நம்ம சூப்பர்வைசராட்டம்?"

சிரித்தாள். "அவரு ஷிப்ட் முடிஞ்சா போயிடுவாரு. இது வருஷக்கணக்கா வெரட்டினா இதயமே தளர்ந்துடும். அதை எப்படி அடக்குறதுன்னுதான் லேப்ல பார்த்துக்கினு இருந்தேன். பாதியில வுட்டுட்டேன். திரும்ப எடம் கேட்டு எழுதியிருக்கேன்க்கா."

ஒரு திங்கட்கிழமை அவள் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. வழக்கப்படி அவள் இடத்தில் என் சாப்பாட்டுப் பையை வைத்துப் பிடித்துவைத்தேன்.

"ஆள் வராங்களாக்கா?" என்றாள் ஒரு புதுப்பெண்.

"வருவா" என்றேன். லேபில் இடம் கிடைத்து, அவள் இனி வராமலே இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

பஸ் ஒரகடம் பக்கம் திரும்பியது. என் விரல்கள் தாமாக மணிக்கட்டைத் தேடின. கேட் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் உள்ளே யாரோ ஓடு ஓடு என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள்.