சங்கிலி ஜெபத்தில் ஆனந்தபாயின் முறை

ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டே அடிக்க வேண்டுமென்றால் அதற்குத் தோதான இடம் பெண்கள் ஜெபக்கூட்டம்தான். அடி வாங்கியவள் திருப்பிப் பேச முடியாது, கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். பாறசாலைப் பக்கத்துச் சபையொன்றில் ஆனந்தபாய்க்கு அதுதான் நடந்தது.

ஆறு நாளும் நெய்யாற்றின்கரைத் துணிக்கடையில் நின்றே கால் வீங்குகிறவள் அவள். மிச்சமிருக்கும் ஞாயிறு காலையில், அமரவிளையில் வாதம் வந்து கிடக்கும் பொன்னப்பனைக் குளிப்பாட்டிப் புண்ணுக்கு மருந்து வைப்பாள். படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கும் பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் குழுவில் படித்த வேலை. அந்தக் குழுவின் படம் ஒருமுறை செய்திப் பத்திரத்தில் வந்தபோது அதில் அவளும் நின்றாள். அவள் கோயிலுக்குள் நுழையும்போது பிரசங்கம் முடிந்திருக்கும்.

அந்த மாதக் கூட்டம் ஒரு ஞாயிறு மாலை ஞானபாய் வீட்டில். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக ஜெபித்தார்கள். வீட்டுக்காரி முறை வந்ததும் குரலை ஏற்றினாள். "கர்த்தாவே, உம்முடைய நாளைத் தள்ளிவிட்டு, பத்திரத்தில் படம் வரும்படிக்கு ஓடுகிற சகோதரியின் பெருமையை உடைத்துப்போடும்."

பத்து வாயும் ஆமென் என்றது. பழக்கதோஷத்தில் ஆனந்தபாயின் வாயும் சொல்லிவிட்டது. அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலம் அள்ளும்போது எவன் வந்து படம் எடுத்தான்? மாதத்தில் ஒரு நாள் ஜெபித்துவிட்டுப் பலகாரம் தின்கிறவர்களுக்கு என்ன வாய், என்ன அநியாயம்.

திருப்பிக் கொடுக்க அவளிடமும் ஒன்று இருந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்தே உள்ளறையில் இருந்து சீழ் வாடை. ஞானபாயின் கணவர் வேதமாணிக்கம் எட்டு மாதமாகப் படுக்கை. சுகமாகி வருகிறார் என்று சொல்லி யாரையும் உள்ளே விடுவதில்லை. புரட்டிப் போடாத உடம்பில்தான் அந்த வாடை வரும். 'இந்த வீட்டில் அழுகிக் கிடக்கிறவரை நினைத்தருளும்' என்று ஒரு வரி ஜெபித்தால் போதும், ஞானபாய் பிறகு சபையில் தலைநிமிர மாட்டாள். அந்த வரி ஆனந்தபாயின் நாக்கு நுனியில் நின்றது.

அவள் முறை வந்தது. வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஞானபாயை அடிக்கப் போய், அந்தக் கட்டிலில் கிடக்கிற மனுஷனை அல்லவா கல்லாகத் தூக்கி எறியப் பார்க்கிறோம்?

"கர்த்தாவே, அக்கா சொன்னதில உண்மை உண்டு. அந்தப் படத்த வெட்டி வேதபுஸ்தகத்துக்குள்ள வச்சிட்டு எடுத்தெடுத்துப் பாக்கேன். என் பெருமைய உடையும். ஆமென்."

பலர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிந்தது.

சாயா கொடுக்கும் நேரத்தில் அடுக்களைக்குப் போனாள். "அக்கா, அண்ணனுக்கு முதுகில புண்ணு உண்டு. கொதிக்கவச்சு ஆத்தின வெள்ளம் எடுங்க, நான் பாக்கேன். கதவச் சாத்திக்கிடலாம், ஒருத்தரும் அறியண்டாம்."

ஞானபாய் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஒத்தைக்குப் பெரட்ட முடியல்ல மக்கா," என்றாள். "வெக்கத்தில ஒருத்தரிட்டயும் சொல்லல்ல."

கதவைச் சாத்தி, வேதமாணிக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆனந்தபாய் துடைக்கத் தொடங்கினாள். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை, கை மட்டும் மெதுவாகப் போயிற்று.

வெந்நீர்ச் சருவத்தைப் பிடித்து நின்ற ஞானபாய் நிமிராமலே, "நான் ஜெபத்தில சொன்னது..." என்று தொடங்கினாள்.

"அண்ணனுக்கு நோவுது," என்றாள் ஆனந்தபாய். "அந்தக் கையப் பிடிச்சுக்கிடுங்க அக்கா."