கீற்றுக் கொட்டகை

உத்திரமேரூர் சந்தையில் இன்று காய்ந்த தென்னங்கீற்றின் வாசம் மூக்கில் ஏறியதும், எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் ஜெபம் நடந்த கொட்டகையும், சாணம் மெழுகிய அதன் தரையும், பெண்கள் கைதட்டிப் பாடும் சத்தமும், நைனாவுக்குத் தெரியாமல் என்னை அங்கே கூட்டிப்போய் மடியில் வைத்துக்கொள்ளும் அம்மாவின் வியர்வை ஈரமும் ஒன்றாக வந்து மோதின.

எட்டு வயதில் ஒரு ஞாயிறு, காய்ச்சலில் வீட்டிலேயே படுத்திருந்தேன்.

"உங்கம்மா எங்கடா போயிகீறா?"

மாரியம்மன் கோயில் பூசாரியான நைனா கேட்டதும் பயத்தில் சொல்லிவிட்டேன். மண்வெட்டிக் காம்போடு போனவர், பாட்டின் நடுவே அம்மாவை முடியைப் பிடித்து வெளியே இழுத்து, அவள் முழங்கை முறியும்வரை அடித்தார். பிறகு கொட்டகையின் கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாய்த்தார். இப்போது அங்கே கல் நட்ட மனைகள்தான் இருக்கின்றன. நைனாவும் போய்ச்சேர்ந்துவிட்டார். அம்மாவின் கை மட்டும் நிமிரவே இல்லை.

சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு ஊட்டும்போது, முப்பது வருஷமாக அடக்கியதைச் சொன்னேன். "அன்னிக்கு நான்தாம்மா காட்டிக்குடுத்தேன்."

"தெரியும்டா. அவுரு என்னிய அடிக்கறப்போ, எம்புள்ளைய அடிக்காம உட்டாரேன்னு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கினு கெடந்தேன்."

அடுத்த வாய்க்காக அவள் காத்திருந்தாள். நான் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தேன்.